உன் கடிதத்தின் கடைசி வரி

அன்புத் தோழிக்கு,

நலம். இங்கே பாலிக் பூலாவில் டுரியான் இறங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் சர்க்கரை நோயை மறந்துவிட்டுச் சுளை சுளையாக உள்ளே தள்ளுகிறார். டுரியானும் அன்னாசியும் தின்று சூடு ஏறியதால்தான் உன் சின்னவளுக்கு மாதவிடாய் கண்டபடி வருகிறது என்கிறாராமே உன் மாமியார்? பழத்தின் மேல் பழி போட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

வயசுக்கு வந்த முதல் இரண்டு மூன்று வருஷம் முன்னே பின்னே வருவது சகஜம். இவளுக்கு 20 ஆகிவிட்டது. இந்த வயதில் 21 முதல் 35 நாளுக்குள் வந்தால் கவலையில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால் பார்க்கத்தான் வேண்டும். முகப்பரு, தாடையில் முடி, கழுத்தில் கறுப்பு என்று நீ எழுதியதை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பிசிஓஎஸ், அதாவது ஹார்மோன் தடுமாறி சினைப்பையில் முட்டை சரியாக முதிராத கோளாறாக இருக்கலாம். அந்தக் கழுத்தைக் கடலை மாவு போட்டுத் தேய்க்காதே, அது அழுக்கு இல்லை. உடம்பு இன்சுலினுக்குச் சரியாக மசியாதபோது பெரும்பாலும் அப்படிக் கறுக்கும். இன்சுலின் கூடினால் சினைப்பை ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும், முட்டை முதிர்ந்து வெளியே வராது, மாதவிடாயும் தள்ளிப்போகும்.

ஆனால் பார்த்த மாத்திரத்தில் அதுதான் என்று முடிவு கட்டக்கூடாது. தைராய்டு கெட்டாலும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் ஏறினாலும் இதே கதைதான். பட்டினி கிடந்து மெலிந்த பெண்களுக்கு அடியோடு நின்றுபோவதும் உண்டு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகள் எத்தனை பேர் தேதி குழம்பி என்னிடம் வந்திருக்கிறார்கள்! இரத்தமும் ஸ்கேனும் எடுத்தால் ஓரளவு தெளிவாகிவிடும். முதலில் சிறுநீரில் கர்ப்பச் சோதனை செய்வார்கள். அதற்குக் கோபப்படாதே, எல்லாருக்கும் செய்வதுதான்.

'கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்' என்று உன் நாத்தனார் சொன்னதுதான் எனக்கு எரிச்சல். மாதக்கணக்கில் வராமலே இருந்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகலாம், பிற்காலத்தில் அது ஆபத்து. அதற்காகத்தான் டாக்டர்கள் மாத்திரை கொடுத்து வரவைக்கிறார்கள். அவள் கொஞ்சம் குண்டுதானே, எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு குறைந்தாலே பலருக்கு முட்டை வெளிவர ஆரம்பிக்கும். தினம் குடிக்கும் மூன்று தேத்தாரேக்கை, அந்த இனிப்புப் பால் டீயை, ஒன்றாக்கச் சொல்.

சரி, இப்போது உன் விஷயம். மகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, 'எனக்கும் இப்போ பதினைந்து நாளைக்கு ஒருதரம் வருது, கட்டி கட்டியா போகுது, வயசாகுதில்ல' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அடியே, எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது.

நாற்பதுகளின் கடைசியில் முட்டை குறைந்து தேதி தடுமாறுவது உண்மைதான். ஆனால் 45க்கு மேல் அடிக்கடியும் அதிகமாகவும் போனால், வயசு என்று சொல்வதற்கு முன் மற்றதெல்லாம் இல்லை என்று பார்த்தாக வேண்டும். கர்ப்பப்பையில் பைப்ராய்டு கட்டி இருக்கலாம், பாலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சி இருக்கலாம், சவ்வு தடித்திருக்கலாம். தேவைப்பட்டால் உள்சவ்வில் துளி சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றாயே, ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் என்று தொடர்ந்து நனைந்தால் தேதிக்குக் காத்திருக்காதே, நேரே எமர்ஜென்சிக்குப் போ.

இன்னொன்று. தைப்பூசத்துக்காக மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கினாயே, மிச்சம் கிடக்கிறது என்று அதை எடுத்து இரத்தத்தை நிறுத்தப் பார்க்காதே. டாக்டர் பார்க்கட்டும்.

அரசாங்க கிளினிக்கில் கட்டணம் ஒரு ரிங்கிட்தான், அங்கிருந்தே ஸ்பெஷலிஸ்டுக்குக் கடிதம் கொடுப்பார்கள். அம்மாவும் மகளும் ஒன்றாகவே போங்கள். போகும்முன் இரண்டு பேரும் வந்த தேதி, எத்தனை நாள் இருந்தது, எவ்வளவு போனது, சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஸ்கேனுக்குத் தேதி கிடைத்ததும் போன் போடு. பட்டர்வொர்த்தில் காலை ரயில் ஏறினால் மத்தியானத்துக்குள் கேஎல் சென்ட்ரல் வந்துவிடுவேன். உன்னோடு உள்ளே நானும் வருகிறேன், நீ கேட்க வெட்கப்படுவதை நான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரி
பினாங்கு