ஊட்டிக்கு ஜன்னலோர சீட்டு

காரமடை
ஞாயிற்றுக்கிழமை, மே மாதம்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். "டூர் எப்படிப்பா இருந்துச்சு?" என்று நீ போனில் கேட்டபோது, "நல்லா இருந்துச்சு சாமி" என்று மட்டும் சொல்லி போனை உங்கம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நீ பணம் கட்டி அனுப்பி வைத்ததற்கு இரண்டு வார்த்தைதானா என்று உங்கம்மா அன்று ராத்திரி முழுக்கப் பேசினாள். அவள் சொல்வதும் சரிதான். எனக்குப் போனில் கோர்வையாகப் பேச வராது. டிரிப் ஷீட் எழுதிப் பழகிய கை, பேனா பிடித்தால்தான் ஒழுங்காக வரும்.

நீ மெல்போர்னிலிருந்து புக் பண்ணிவிட்டேன் என்று சொன்ன அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இருபத்தாறு வருஷம் அந்த மலையில் பஸ் ஓட்டியவனை, கைடு வைத்து ஊட்டி சுற்றிக்காட்டுகிறார்களாம். என்கூட ஓடிய பழைய கண்டக்டரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஊட்டில நீங்க என்னண்ணா பாத்திருக்கீங்க?" என்றார். யோசித்துப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு. அதற்கு எதிரே டீக்கடை. நைட் ஹால்ட்டுக்கு நாங்கள் படுக்கும் ரூம், இரண்டு கம்பளி போர்த்தினாலும் அடங்காத குளிர். அவ்வளவுதான் அம்மிணி. பொட்டானிக்கல் கார்டனுக்குள் ஒருநாள்கூடக் கால் வைத்ததில்லை.

உங்கம்மாவைத்தான் கிளப்ப முடியவில்லை. மலை பஸ் டிரைவர் பெண்டாட்டிக்கு மலை ஏறினால் வாந்தி. கல்யாணமான புதிதில் ஒருமுறை என் வண்டியிலேயே கூட்டிப்போய், பர்லியார் தாண்டும் முன்பே போதும் போதும் என்றாகிவிட்டது. அதன்பிறகு அவள் ஊட்டி என்ற பேச்சையே எடுத்ததில்லை. இந்தமுறை மாத்திரை போட்டு, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே ஏறினாள்.

காலை ஐந்தரைக்கு மெயின் ரோட்டில் வந்து ஏற்றிக்கொண்டார்கள். பதினெட்டு சீட் வேன். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறும் முன் இ-பாஸ் சோதனை. கோர்ட் உத்தரவு, உனக்குத் தெரிந்திருக்கும். 2025 ஏப்ரலிலிருந்து சீசனுக்கு எண்ணிக்கையும் வைத்துவிட்டார்கள். சாதாரண நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000. அரசு பஸ்ஸுக்கு இந்தக் கணக்கு கிடையாது. அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

கல்லாறு பாக்குத் தோப்பு தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் என் வலது கால் தன்னால் தரையை மிதிக்க ஆரம்பித்துவிட்டது. வளைவுக்கு வளைவு பிரேக். பக்கத்துச் சீட்டுக்காரர், "ஐயாவுக்குப் பயமா?" என்று கேட்டார். இல்லைங்க, பழக்கம் என்றேன். குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எங்கே வீல் ஒடிக்க வேண்டும், எதிரே லாரி வந்தால் எந்த இடத்தில் ஒதுங்கலாம் என்று எனக்கு இன்னும் மனப்பாடம். ஆனால் வளைவுக்கு வெளியே அவ்வளவு பெரிய பள்ளத்தாக்கு இருப்பதை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். ஓட்டுகிறவன் அதைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் வண்டி அங்கேதான் போகும்.

மரப்பாலம் வந்தபோது கைடு மைக்கில் ஏதோ ஜோக் சொல்லிக்கொண்டிருந்தான். நல்ல பையன், இருபத்தைந்து வயது இருக்கும். அவனுக்குத் தெரிந்திருக்காது. 1993 நவம்பரில் அங்கே மலை சரிந்து ரோடும் ரயில்பாதையும் போனது, ஆட்களும் போனார்கள். நீ அப்போது கைக்குழந்தை. அன்றைக்கு எனக்கு டியூட்டி இல்லை. அதன்பிறகு அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் ஒரு கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து நெஞ்சில் வைப்பேன். இந்தமுறை இரண்டு கையாலும் கும்பிட முடிந்தது.

குன்னூரில் எங்களை ரயிலில் ஏற்றிவிட்டு வேன் காலியாக ஊட்டிக்குப் போய்விட்டது. ரயில் கதையைக் கைடு நன்றாகத்தான் சொன்னான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ல் வந்தது, ஊட்டி வரை 1908-ல் நீட்டினார்கள், 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகை, 250 பாலம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த கம்பி ஓடும். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதில் கடித்துக் கடித்து ஏறும். 12 அடி போனால் ஓரடி ஏறுகிற இடமெல்லாம் உண்டு. இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் வாசலில் நிற்பார். அதைக் கேட்டதும் எனக்குப் பொறாமையாக இருந்தது. ஐம்பது அறுபது பேரை வைத்துக்கொண்டு எனக்கு இருந்தது என் ஒரு கால் மட்டும்தான்.

நாங்கள் போனது குன்னூருக்கு மேலே, டீசல் இன்ஜின். அங்கே பல்கம்பி கிடையாது, சும்மா ஆடி ஆடிப் போகும். வெலிங்டன், அருவங்காடு, அப்புறம் கேத்தி. கேத்தி பள்ளத்தாக்கு முழுக்க கேரட்டும் உருளையும் படிக்கட்டு மாதிரி பயிர். அந்தக் கேரட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் லாரிகளோடு எத்தனை ராத்திரி வழிக்குச் சண்டை போட்டிருப்பேன். அது முளைக்கிற இடம் இப்படி இருக்கும் என்று தெரியாது.

ஒரு கேட்டில் பஸ் ஒன்று நின்றது. பச்சை வண்டி, நம்ம டிப்போ வண்டியாகத்தான் இருக்க வேண்டும். டிரைவர் இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் போட்டுச் சாய்ந்திருந்தார். ரயிலிலிருந்து பிள்ளைகள் எல்லாம் அவருக்குக் கை காட்டினார்கள். அவர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ ஆறாவது படிக்கும்போது கிளாஸில் எல்லோரும் ஊட்டி ரயிலில் போயிருக்கிறார்கள், நான் மட்டும் போகவில்லை என்று அழுதாய். லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னேன். அது பொய் அம்மிணி. லீவு இருந்தது. வாரத்தில் ஆறு நாள் ஏறி இறங்குகிற மலையை ஏழாவது நாளும் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. இதை இப்போது எழுதவில்லை என்றால் எப்போதும் எழுத மாட்டேன் என்றுதான் எழுதுகிறேன்.

ஊட்டியில் இறங்கியதும் முதலில் செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச். 1829-ல் அடிக்கல் நாட்டி 1831-ல் திறந்திருக்கிறார்கள். உள்ளே அண்ணாந்து பார்த்தால் பெரிய பெரிய மர உத்தரங்கள். திப்பு சுல்தான் தோற்றபின், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவருடைய லால் பாக் அரண்மனையைப் பிரித்து அந்த மரத்தை இங்கே கொண்டுவந்தார்களாம். மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த உத்தரத்தின் நீளத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ரோடே இல்லாத காலத்தில் இத்தனை நீள மரத்தை எந்த வளைவில் எப்படித் திருப்பியிருப்பார்கள்? யானைகளை வைத்து இழுத்தார்கள் என்றான் கைடு. சரி, யானைக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியும்.

பின்னால் சரிவில் கல்லறைகள். ஊட்டியை உண்டாக்கிய ஜான் சல்லிவன் நம்ம கோயம்புத்தூருக்குக் கலெக்டராக இருந்தவர். 1819-ல் மலையேறி வந்தவர், 1822-ல் இங்கே கல் பங்களா கட்ட ஆரம்பித்தார். அது இன்னமும் கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ் வளாகத்தில் நிற்கிறது. ஏரியும் அவர் வெட்டியதுதான். இந்த மலையின் பழங்குடிகளான தொதவர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கினார் என்று சொல்வார்கள். இப்படி ஊரையே உண்டாக்கியவரின் மனைவியும் மகளும் 1838-ல் அடுத்தடுத்து இறந்து, இந்தச் சரிவில்தான் கிடக்கிறார்கள். உங்கம்மா அந்தக் கல்லறை முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். "பொண்ணை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்து..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். அவள் அவர்களைச் சொன்னாளா, உன்னைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. அதற்குள் கைடு விசில் அடித்துவிட்டான். எல்லா இடத்துக்கும் இருபது நிமிஷம்தான். நான் டைம் கீப்பர் விசிலுக்கு ஓடியது போதாதென்று, ரிட்டையரான பிறகு இவன் விசிலுக்கு ஓடினேன்.

கார்டன் 1848-ல் போட்டது. அதற்கு முன்னால் இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் தங்களுக்குக் காய்கறி கிடைக்கட்டும் என்று சந்தா போட்டு நடத்திய தோட்டமாம். அப்புறம்தான் மெக்ஐவர் என்பவர் இங்கிலாந்திலிருந்து வந்து பூங்காவாக ஆக்கினார். அங்கே ஒரு மரத்துண்டு கல்லாகிக் கிடக்கிறது, வயது 2 கோடி வருஷம். நம்ம விழுப்புரம் பக்கம் திருவக்கரையிலிருந்து கொண்டுவந்தது. தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது, விடவில்லை. மேலே ஏறினால் தொதவர் மந்து, அதாவது அவர்கள் குடியிருப்பு. அரைவட்டமாக வளைத்த கூரை, குனிந்து தவழ்ந்துதான் போக முடிகிற வாசல். உதகமண்டலம் என்ற பேரிலேயே இந்த மந்துதான் இருக்கிறதாம். ஒரு பாட்டி வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக இழை எண்ணி எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார். துணியில் கோடு ஏதும் வரையவில்லை, விரல் நகத்தால் நூலை ஒதுக்கி எண்ணுகிறார். உங்கம்மா விலை பேசப் போய், அந்த விரலைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசாமல் சால்வையை வாங்கிக்கொண்டாள். இந்த அதிசயத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. சால்வை உனக்குத்தான், பெட்டியில் இருக்கிறது.

சாப்பாட்டுக்குப் பின் அரை நாள் கடை கடையாகப் போனது. டீ ஃபேக்டரி, சாக்லேட், தைலம். கைடு ஒவ்வொரு கடையிலும் உள்ளே போய் ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டு வந்தான். எனக்குப் புரிந்துவிட்டது. நாங்களும் ஹைவேஸ் ஹோட்டலில் வண்டியை நிறுத்தி ஓசியில் தோசை சாப்பிட்டவர்கள்தானே. அதனால் அவனை நான் ஒன்றும் சொல்லவில்லை, வர்க்கி மட்டும் வாங்கினேன். தைலக் கடையில் சொன்னான், நீலகிரித் தைலம் எடுக்கிற யூகலிப்டஸ் மரம் நீலகிரி மரமே இல்லையாம். 1843-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததாம். புல்வெளி எல்லாம் போய் அந்த மரம் மலை முழுக்கப் பரவிவிட்டது. நீ கிளம்பும்போது சளிக்கு ஆகும் என்று இரண்டு பாட்டில் கட்டிக் கொடுத்தோமே, உன் ஊர் மரத்தையே உனக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

சீசன் என்பதால் இறக்கம் கோத்தகிரி வழி. சல்லிவன் முதன்முதலில் கட்டிய வீடு கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில்தான் இருக்கிறது, நினைவகமாக வைத்திருக்கிறார்கள். ஊட்டிக் கதை அங்கேதான் ஆரம்பம். ஆனால் அந்தப் பக்கம் வந்தபோது கைடு மைக்கை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டான், வேனில் இருந்த எல்லோருமே தூக்கம்.

நான் மட்டும் தூங்கவில்லை. வேன்கார தம்பி டாப் கியரில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்தே இறக்கினான். கோத்தகிரி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பிரேக் லைனர் கருகும் வாசம் மூக்கில் ஏறியது. எழுந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதட்டினால் பையன்கள் கேட்க மாட்டார்கள். "தம்பி, ஏறின கியர்லயே இறங்குங்க, மலை தானா வண்டியப் புடிச்சுக்கும்" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். நீங்க டிரைவரா என்றான். நான் ஓடிய ரூட்டைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் இரண்டாவதுக்கு மாற்றினான். மேட்டுப்பாளையம் வரை அவனும் நானும் பேசிக்கொண்டே வந்தோம். இறங்கும்போது, டீக்குக் காசு நான்தான் கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தான்.

நீ டிசம்பரில் வருகிறேன் என்றாய். மேட்டுப்பாளையம் ரயிலுக்கு 60 நாளைக்கு முன்னால்தான் புக்கிங் திறக்கும், திறந்ததுமே தீர்ந்துவிடும். அதனால் அக்டோபருக்குள் தேதியைச் சொல்லிவிடு. மழைக்கு மண் சரிந்தால் ரயிலை நிறுத்திவிடுவார்கள், ஆகவே ஜனவரிக்குத் தள்ளி வந்தாலும் நல்லதுதான். காலை ஏழு மணி வாக்கில் கிளம்பும், கீழிருந்து மேல் வரை முழுசாகப் போகலாம். கைடு வேண்டாம், நான் இருக்கிறேன். மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் சேர்த்து ஐந்து சீட்டு. ஜன்னலோரம் உனக்கு.

உங்கம்மாவைப் பற்றிக் கவலைப்படாதே. பஸ்ஸில்தான் அவளுக்கு வாந்தி வருகிறது, ரயிலில் வரவில்லை.

வர்க்கி நான்கு பாக்கெட் வாங்கினேன், இரண்டு தீர்ந்துவிட்டது. ஊருக்கு வரும் யாராவது இருந்தால் சொல்லு, மீதியைக் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா