டான்யூப் கரையில் ஒரு ஞாயிறு

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விட்டுக்கொள்.

நான் இன்னும் மகள் வீட்டில்தான். போன ஞாயிறு ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரத்துப் பக்கத்தில் வால்ஹல்லா என்ற நினைவு மண்டபத்துக்குக் கூட்டிப்போனாள். டான்யூப் கரையில் ஒரு குன்று, உச்சியில் அச்சு அசலாக ஒரு கிரேக்கக் கோயில். பவேரிய மன்னர் முதலாம் லூட்விக் ஏதென்ஸில் இருக்கும் பார்த்தினான் கோயிலை மாதிரியாக வைத்துக் கட்டச் சொன்னது. 1830-இல் அடிக்கல், 1842-இல் திறப்பு. உள்ளே சாமி கிடையாது. மன்னர்கள், தளபதிகள், அறிஞர்கள், கவிஞர்கள் என்று 130-க்கும் மேற்பட்ட மார்பளவுப் பளிங்குச் சிலைகள்.

ஆற்றுப் பக்கமிருந்து 358 படி. பின்பக்கம் காரிலேயே போகலாம் என்றாள் மகள். நான் கேட்கவில்லை. ஏறிவிட்டேனடி! மூன்று நாள் முழங்கால் வலித்தது, அது வேறு விஷயம்.

உள்ளே நான் தேடிப்போனது சோஃபி ஷோலை. பத்தாம் வகுப்பில் ஹிட்லர் பாடம் எடுக்கும்போது சொல்வேனே, அந்த மியூனிக் மாணவி. அண்ணனோடு பல்கலைக்கழகத்துக்குப் போய், மாடிக் கைப்பிடிச் சுவர் மேலிருந்து ஹிட்லர் ஆட்சிக்கு எதிரான துண்டுப் பிரசுரங்களைக் கீழே தள்ளிவிட்டவள். காவலாளி பார்த்துவிட்டார். நாலே நாளில், 1943 பிப்ரவரி 22 அன்று, தலையை வெட்டிவிட்டார்கள். வயது 21. அவள் சிலை இங்கே வந்தது 2003-இல்தான். வெள்ளைப் பளிங்கில் அந்தச் சின்ன முகம். நாஜி கொடுமையை எதிர்த்து நின்ற எல்லோர் நினைவாகவும் என்று கீழே எழுதியிருக்கிறது. அவளை விட்டு நகர மனமே வரவில்லை. இத்தனை சிலைகளில் பெண்கள் ரொம்பக் குறைவு என்பது எனக்கு வருத்தம்தான்.

கவிஞர் ஹைனேயும் இருக்கிறார். இந்த மண்டபத்தையே கிண்டல் செய்தவர். அவருக்கும் 2010-இல் இடம் கொடுத்திருக்கிறார்கள். விரிசல் விட்ட மாதிரியே அவர் சிலையைச் செதுக்கியிருக்கிறார்கள்.

அப்புறம் வெளியே வந்து மேல்படியில் உட்கார்ந்தோம். கீழே ஆறு அகலமாக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருஷ வகுப்பில் அந்தப் பெண்ணுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் நான் கொடுத்ததில்லையே என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன். பாடத்தை முடிக்கிற அவசரம்.

உன் பேத்தி இந்த வருஷம் பத்தாம் வகுப்புதானே? அடுத்த மாதம் ஊருக்கு வந்ததும் ஒரு சாயங்காலம் அவளை எனக்காக ஒதுக்கி வை. சோஃபியின் போட்டோவும் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
கலா