பழைய பதிவேடுகளைத் திறந்துவிடுங்கள், வீட்டுப் பட்டப்பெயர்களை எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் பூர்வீக ஊர் தேடி நம் பக்கம் வருகிறவர்களைப் பற்றி உங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. படத்தில் கோயில் வாசலில் நிற்பார்கள், கண் கலங்கினார்கள் என்று ஒரு வரி இருக்கும், அதோடு முடிந்துவிடும். எந்தக் காகிதத்தை வைத்துக் கண்டுபிடித்தார்கள், கண்டுபிடிக்க முடியாமல் திரும்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கத்தில் பத்திரம் எழுதியே பிழைத்தவன் என்ற முறையில் எனக்கு இதில் சொல்ல வேண்டியது இருக்கிறது. நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் கடைசியில் உள்ள கோரிக்கையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

என் மகள் அயர்லாந்தில் கார்க் நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். அவளோடு போய்த் தங்கியிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் பழக்கமானார். என் தொழில் என்னவென்று தெரிந்ததும் தன் வம்சாவளிக் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் விரித்துவிட்டார். அந்த நாட்டில் இது பெரிய ஈடுபாடு. 1845 முதல் 1852 வரை நடந்த உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேல் கப்பல் ஏறினார்கள். அப்படிப் போனவர்களின் கொள்ளுப்பேரன்கள் அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் இன்றைக்கும் தேடி வருகிறார்கள்.

ஆனால் அவர்களிடம் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. 1821 முதல் 1851 வரை எடுத்தவற்றில் பெரும்பகுதி 1922இல் உள்நாட்டுச் சண்டையில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது போய்விட்டது. 1861, 1871 கணக்குகளை அரசாங்கமே அழித்துவிட்டது, 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழுக்குப் போயின. முழுதாக மிஞ்சியதில் பழையது 1901ஆம் வருஷத்துக் கணக்குதான். சரி, அப்படியானால் பஞ்ச காலத்துத் தாத்தாவை எங்கே தேடுவது? நிலக் கணக்கில்தான் தேடுகிறார்கள்.

1847 முதல் 1864 வரை ரிச்சர்ட் கிரிஃபித் என்பவர் தலைமையில் நாடு முழுக்க நிலத்தையும் வீட்டையும் மதிப்பிட்டிருக்கிறார்கள். வரி போடுவதற்காகச் செய்த வேலை. அங்கே ‘டவுன்லேண்ட்’ என்று ஒரு சின்ன நிலப் பிரிவு, நாடு முழுவதும் 60,000க்கு மேல் இருக்கிறது. அந்தப் பிரிவு வாரியாக, யார் உழுகிறார், யாரிடம் குத்தகைக்கு வாங்கியிருக்கிறார், எவ்வளவு பரப்பு, வீட்டுக்கு என்ன மதிப்பு என்று வரிசையாக அச்சில் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண், அதே எண் வரைபடத்திலும் உண்டு. அதற்கும் முந்தி 1823 முதல் 1837 வரை தேவாலய வரிக்காக எழுதிய கணக்கு வேறு இருக்கிறது. இரண்டையும் வீட்டில் உட்கார்ந்தபடி காசு கொடுக்காமல் இணையத்தில் பார்க்கலாம். கத்தோலிக்க தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளையும் அவர்களுடைய தேசிய நூலகம் 2015இல் இலவசமாகப் போட்டுவிட்டது.

பெரியவர் காட்டியதில் எனக்குப் பிடித்தது கிரிஃபித்துக்குப் பின்னால் வந்த திருத்தப் புத்தகத்தின் பக்கங்கள். அனுபவதாரர் இறந்தாலோ மாறினாலோ பழைய பெயரை அடித்து, மேலே புதுப்பெயரை வேறு நிற மையில் எழுதி, ஓரத்தில் வருஷம் போட்டிருக்கிறார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரே வரியில் தாத்தா, மகன், விதவை, பேரன் எல்லாரும் அடுக்கடுக்காக நிற்கிறார்கள். நம் பட்டா மாற்றத்தைத்தான் நிறத்தில் பார்த்தேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலச் சட்டங்களின் கீழ் குத்தகைதாரர்கள் தங்கள் நிலத்தையே விலைக்கு வாங்கிக்கொண்டார்கள், அப்படி வாங்கிய வரியில் அதற்கென்று ஒரு முத்திரை குத்தியிருக்கும். பெரியவர் அந்த முத்திரையை விரலால் தடவித் தடவிக் காட்டினார்.

பட்டப்பெயர் விஷயத்துக்கு வருகிறேன். கார்க் மாவட்டத்தின் மேற்குப் பக்கம் போனால் ஊரே சல்லிவன். ஒரே டவுன்லேண்டில் ஜான் சல்லிவன் நாலு பேர் இருந்தால் கணக்கு எழுதுகிறவன் என்ன செய்வான்? தகப்பன் பெயரைப் பக்கத்தில் எழுதினான், இல்லையென்றால் செம்பட்டை முடிக்காரன் என்றோ, செய்யும் தொழிலையோ குறித்தான். திப்பரேரிப் பக்கம் ரயன் வீட்டுக்காரர்களிடம் கிளைக்கு ஒரு பட்டப்பெயர், தலைமுறை தலைமுறையாக அந்தக் கிளையோடு வருகிறது. அந்தப் பெயர் தெரியாமல் போனவருக்கு எந்த ரயன் தன் ரயன் என்று தெரிய வழியில்லை. அவர்களுக்குக் குடும்பப் பெயர் இருந்தும் ஊருக்கெல்லாம் ஒரே பெயர், நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது, தகப்பன் பெயரின் முதல் எழுத்தோடு சரி. ஆக இரண்டு ஊரிலும் வேலை செய்வது வீட்டுப் பட்டப்பெயர்தான். மாடிவீட்டார், தலையாரி வீடு, பட்டாளத்தார் வீடு, பினாங்குக்காரர் வீடு என்று நம் தெருக்களில் இல்லாத பெயரா?

மரபணுச் சோதனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இப்போது பலரும் எச்சிலைக் குப்பியில் அனுப்பிவிட்டு ஊர் பெயர் வந்துவிடும் என்று காத்திருக்கிறார்கள். வராது. அது இன்னாரோடு இவ்வளவு பங்கு ஒத்துப்போகிறது என்று மட்டும் சொல்லும். சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளுக்கிடையே சுமார் எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும். தாத்தாவின் தாத்தா ஒருவரே என்கிற இரண்டு பேரில் நூற்றுக்குப் பத்து ஜோடிக்குக் கண்டுபிடிக்கும்படி ஒன்றும் இருக்காது, இன்னும் ஒரு தலைமுறை மேலே போனால் பாதிப் பேருக்கு இருக்காது. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகிறது, அதனால் சோதிப்பதென்றால் வீட்டில் இருக்கும் மூத்தவரைச் சோதிக்க வேண்டும். நம் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. மாமன் மகள், அத்தை மகள், அக்காள் மகள் என்று தலைமுறைக்குத் தலைமுறை உறவுக்குள்ளேயே கட்டிக்கொண்டு வந்ததால், தூரத்துச் சொந்தம்கூடக் கிட்டத்துச் சொந்தம் போலக் கணக்கில் வரும். அயர்லாந்துப் பெரியவருக்கு அமெரிக்காவில் ஓர் உறவு ஒத்துப்போனது உண்மைதான், ஆனால் எந்தக் கிளையில் ஒத்துப்போனது என்று முடிவு சொன்னது கிரிஃபித் கணக்கில் பக்கத்துப் பக்கத்து எண்ணாக இருந்த இரண்டு வீடுகள்தான்.

அப்புறம் நம் கதை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலியாகப் போன ஒன்றரை லட்சம் பேருக்குக் கப்பல் பட்டியல் இருக்கிறது, தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் போட்டு. மொரீஷியஸ் போனவர்களுக்கும் விவரமான பதிவு உண்டு, பலருக்குப் புகைப்படமே உண்டு. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயா தோட்டத்துக்கு, ஆள் பிடித்துக் கூட்டிப்போகும் கங்காணியோடு போனவர்களின் பேரப்பிள்ளைகளிடம் பெரும்பாலும் அப்படி ஒன்றும் இருப்பதில்லை. ஊர் பெயர், குலதெய்வத்தின் பெயர், வீட்டுப் பட்டப்பெயர் இவ்வளவுதான் கொண்டு வருகிறார்கள்.

மலேசியாவின் பேராக்கிலிருந்து ஒரு அம்மா வந்தார், ஓய்வுபெற்ற ஆசிரியை. மரபணுச் சோதனை முடிவைப் போனில் வைத்திருந்தார். ஒத்துப்போனவர்கள் எல்லாரும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள், நம் ஜில்லாவில் ஒருவர்கூட இல்லை, ஏனென்றால் இங்கே யாரும் சோதித்துக்கொள்ளவில்லை. ‘ஓடக்காரர் வீடு’ என்று அவர் பாட்டி சொல்லியிருக்கிறார். பாலம் வந்து ஓடம் போய்த் தலைமுறை ஆகிவிட்டது, ஊரில் கேட்டால் அப்படி ஒரு வீடே கிடையாது என்றார்கள். கிராமக் கணக்கிலும் இல்லை, நிலத்தை அளந்து வரி நிர்ணயித்து எழுதிய செட்டில்மெண்ட் பதிவேட்டிலும் இல்லை. எப்படி இருக்கும்? அதில் இருப்பது நிலம் உள்ளவன் பெயர். கடைசியில் ஒரு மிராசு வீட்டுப் பெட்டியில் கிடந்த பழைய கிரயப் பத்திரத்தைப் படித்தபோது நான்கெல்லை விவரத்தில் வந்தது: ‘ஓடக்கார நாகன் குடியிருக்கும் மனைக்குக் கிழக்கு’. அவர் பாட்டனாரின் தகப்பன் பெயர் நாகன்தான். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத மனிதர், அடுத்தவர் பத்திரத்தில் மேற்கு எல்லையாக இருந்தார்.

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வருகிறேன். அயர்லாந்துக் கணக்கில் குத்தகைதாரன் பெயர் இருக்கிறது, ஏனென்றால் வரிக்காக அனுபவதாரனை எழுதினார்கள். காவிரிப் படுகையில் பட்டாதாரரை எழுதினார்கள், பண்ணையாளை எழுதவில்லை. கடல் தாண்டிப் போனவர்களில் பெரும்பாலோர் எழுதப்படாத பக்கத்துக்காரர்கள். அவர்கள் குடும்பங்களின் பெயர் முதல்முதலாக அரசாங்க நிலக் கணக்கில் பரவலாக ஏறியது 1969 குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின் கீழ் எழுதிய பதிவேடுகளிலும், 1971 குடியிருப்பு மனை உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதியவற்றிலும்தான். எந்தத் தெருவில் எந்த மனையில் யார் மகன் யார் குடியிருந்தார் என்று அதில் தெரியும், போனவர்களின் அண்ணன் தம்பி வழியை அதை வைத்துப் பிடித்துவிடலாம். ஓர் அலுவலகத்தில் இந்தக் கட்டுகளைப் பார்த்தேன். சணல் கயிறு காகிதத்தை அறுத்திருக்கிறது, ஓரமெல்லாம் கரையான், புரட்டினால் மூலை கையோடு வருகிறது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர்களுக்கு உங்கள் மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்து எழுதிய 1980களின் யூ.டி.ஆர். கணக்குக்கு முந்திய செட்டில்மெண்ட் பதிவேடு, சாகுபடி விவரம் எழுதிய பழைய அடங்கல், குத்தகைப் பதிவேடு, குடியிருப்பு மனைப் பதிவேடு இவற்றையெல்லாம் கரையானுக்கு முந்திப் படம் எடுத்து வையுங்கள். பழைய கணக்கைத் திறந்தால் நில வழக்கு கிளம்பும் என்று அதிகாரிகள் தயங்குவது எனக்குப் புரியாமல் இல்லை, அந்த வழக்குகளுக்குப் பத்திரம் எழுதியவன்தான் நானும். இப்போதைய அயர்லாந்துச் சட்டப்படி மக்கள்தொகைக் கணக்கை 100 வருஷம் கழித்தே திறக்கிறார்கள். அதேபோல 100 வருஷம் தாண்டியதை இணையத்தில் இலவசமாகப் போடலாம், பிந்தியதை வாரிசு என்று மனுக் கொடுப்பவருக்கு மட்டும் காட்டலாம். படம் எடுப்பதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

பத்திர எழுத்தர் நண்பர்களுக்கும் கிராமக் கணக்கு எழுதிய பழைய கர்ணம் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில் கிடக்கும் பழைய கிரயம், ஒத்தி, பாகப்பிரிவினைப் பத்திரங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். எல்லை விவரத்தில் வரும் பெயர்களை, ‘சின்னத்தம்பி என்கிற கோவிந்தசாமி’ என்று எழுதியிருப்பதை அப்படியே நோட்டில் எடுத்து வையுங்கள். மா, வேலி கணக்கும் தெரியாத பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், 20 மா ஒரு வேலி, ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட் என்று முதல் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். தெருவில் இருக்கும் மூத்தவர்களிடம் எந்த வீட்டுக்கு எந்தப் பட்டப்பெயர், ஏன் வந்தது, அந்த வீட்டிலிருந்து கடல் தாண்டிப் போனவர் யார், அவர்களுக்குக் குலதெய்வம் எது என்று கேட்டு எழுதுங்கள். சில பட்டப்பெயர்கள் சாதியை வைத்து இழிவாகச் சொன்னவை, அவற்றை அந்த வீட்டாரைக் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள்.

உங்கள் நாளிதழ் வாரம் ஓர் ஊர் என்று எடுத்துக்கொண்டு வாசகர்களிடமிருந்து வீட்டுப் பெயர்களைக் கேட்டு வெளியிட்டால் முதல் ஊருக்கான பட்டியலை நானே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.