மவுஸ் பிடிக்கவும் சேர்த்துத்தான் தேர்வா?

தேசிய தேர்வு முகமை அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் ஒரு கிராமத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். பொறியியல் படிப்பில் சேர நீங்கள் கணினியில் நடத்தும் ஜே.இ.இ. மெயின் தேர்வை எங்கள் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி கணினி, ஒரே மூன்று மணி நேரம், 75 கேள்விகள். அதனால் போட்டி சமம் என்று பலர் சொல்லக் கேட்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஒரு விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, 'சேவ் அண்ட் நெக்ஸ்ட்' அழுத்தாமல் அடுத்த கேள்வியின் எண்ணைத் தொட்டால் அந்த விடை பதிவாகாது. விடையை எண்ணாகத் தர வேண்டிய கேள்விகளுக்குத் திரையில் தெரியும் எண்களை மவுஸால் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். இதெல்லாம் உங்கள் அறிவுறுத்தலிலேயே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, கை பழகுவது வேறு. போன வருடம் பள்ளியில் மாதிரித் தேர்வு வைத்தோம். வகுப்பிலேயே நன்றாகக் கணக்குப் போடும் பெண், தாளில் பத்து விடைகளைச் சரியாகக் கண்டுபிடித்தாள்; கணினியில் பதிவானது ஆறு. மவுஸை நகர்த்தும்போது அவள் விரல் நடுங்கியது. வீட்டில் கணினி இருக்கும் பிள்ளைக்கு இது ஒரு விஷயமே இல்லை.

2017-18-இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, கிராமத்து வீடுகளில் கணினி இருந்தது 4.4 சதவீதத்தில்தான், நகரங்களில் 23.4. அதற்குப் பிறகு செல்போன் பெருகியிருக்கிறது, சரி. செல்போனில் மவுஸ் கிடையாதே.

விண்ணப்பமும் அப்படித்தான். புகைப்படத்தைச் சொன்ன அளவுக்குச் சுருக்க பிரவுசிங் சென்டருக்குத்தான் போகிறார்கள். ஓ.டி.பி. வரும் போன் அப்பாவிடம் இருக்கும், அப்பா லாரியில் வெளியூரில் இருப்பார். சில சமயம் கடைக்காரரே தன் மின்னஞ்சலைப் போட்டுவிடுகிறார். அப்புறம் நுழைவுச் சீட்டுக்கும் அவரையே தேடி ஓட வேண்டும்.

கணினித் தேர்வை எழுதிப் பழக 2018-இல் வார இறுதிப் பயிற்சி மையங்களைத் தொடங்கினீர்கள். நல்ல யோசனை அது. அதை ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஓர் அரசுப் பள்ளியில் நடத்துங்கள். தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பிருந்து, தேர்வில் வரும் அதே திரையில், பிள்ளைகள் நாலைந்து முறையாவது உட்காரட்டும். விண்ணப்பத்தைப் பள்ளி வழியாகப் போட ஒரு வழி வையுங்கள், ஓ.டி.பி. தலைமையாசிரியர் எண்ணுக்கு வரட்டும்.

எங்கள் பள்ளியில் மையம் வைத்தால் சனி, ஞாயிறு கணினி அறையைத் திறந்து வைத்து நானே கூட இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர்