எட்டாயிரம் டாலரில் அடங்காத கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'குக் ஆஃப்' என்ற ஜிம்பாப்வே படத்தைப் பற்றி யார் பேசினாலும் முதல் வரியிலேயே 8,000 டாலர் வந்துவிடுகிறது. அவ்வளவு சொற்பக் காசில், அதுவும் அந்நாட்டு அதிபர் முகாபேயின் ஆட்சி ஆட்டம் கண்டுகொண்டிருந்த காலத்தில், தலைநகர் ஹராரேயில் ஒரு முழுநீளக் காதல் நகைச்சுவைப் படத்தை எடுத்து முடித்தார்கள். நெட்ஃப்ளிக்ஸுக்குப் போன முதல் ஜிம்பாப்வே படம் என்ற பெயரும் 2020 ஜூனில் அதற்குக் கிடைத்தது. சந்தோஷமான செய்திதான், நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்த ஒரு தொகையை மட்டும் பிடித்துக்கொண்டு 'மனசிருந்தால் போதும், காசே வேண்டாம்' என்று முடிக்கிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சில காலம் சின்னப் படங்களில் தயாரிப்புக் கணக்கு எழுதியவன் என்பதால் சொல்கிறேன்.

ஒரு மனக்கணக்கு போட்டுப் பாருங்கள். இருபது பேர், இருபது நாள், ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபது டாலர் என்று கொடுத்தாலே 8,000 தீர்ந்தது. கேமராவுக்கும் டீசலுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஒரு காசு மிஞ்சாது. பிறகு எப்படி எடுத்தார்கள்? நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் சம்பளத்தைப் பிறகு வாங்கிக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொண்டு வந்தார்கள், அதனால்தான் எடுக்க முடிந்தது. ஆக 8,000 என்பது கையை விட்டு ரொக்கமாகப் போன பணம். மீதி முதலீட்டை நடித்தவர்களும் லைட் பிடித்தவர்களும் தங்கள் நாட்களாகப் போட்டிருக்கிறார்கள். அது எந்தத் தலைப்புச் செய்தியிலும் வருவதில்லை.

சரி, ரொக்கம் என்றேனே, அந்த நாட்டில் அப்போது ரொக்கமே இல்லை. 2009-இல் சொந்த நாணயத்தைக் கைவிட்டு அமெரிக்க டாலருக்கு மாறியவர்கள் அவர்கள். டாலர் நோட்டு கிடைக்காமல் போனதும் 2016 நவம்பர் 28 அன்று 'பாண்ட் நோட்டு' என்ற ஒன்றை அரசு இறக்கியது, ஒரு பாண்டும் ஒரு டாலரும் சமம் என்றது, தெருவில் யாரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வங்கி வாசலில் ராத்திரியே வந்து படுத்து வரிசை பிடித்தார்கள், கணக்கில் பணம் இருந்தும் கைக்கு வராது. படப்பிடிப்போ தினமும் சில்லறை சில்லறையாகக் காசு கரையும் வேலை. காலையில் வேன்காரருக்கு, மதியம் சாப்பாட்டுக்கு, கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு, ராத்திரி ஆட்களை வீடு கொண்டுபோய்ச் சேர்க்க என்று யாரிடமும் நாளைக்குத் தருகிறேன் என்று சொல்ல முடியாத செலவுகள்தான் அத்தனையும்.

நாடு இப்படிக் கொதிக்கும்போது காதல் படமா என்று கேட்பவர்கள் உண்டு. 2016 ஜூலை 6 அன்று அரசை எதிர்த்துக் கடைகளை அடைத்துவிட்டு மக்கள் வீட்டிலேயே இருந்த ஊர், மறு வருஷம் நவம்பரில் ராணுவம் இறங்கி, 37 வருஷம் ஆண்ட முகாபே 21-ஆம் தேதி ராஜினாமா செய்த ஊர். அதற்கு நடுவில் எடுத்த இந்தக் கதையில் கோஷம் கிடையாது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் அனேசு என்ற பெண், கைமணம் உள்ளவள். அவளுக்குத் தெரியாமலேயே அவள் மகன் சமையல் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிடுகிறான். நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப்போகிறது என்று அவள் முகத்தில் இருக்கும் தயக்கம், அந்த வங்கி வரிசையில் நின்ற எத்தனையோ பேருடையது என்றுதான் எனக்குப் பட்டது. இதை லேசான விஷயம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

எடுப்பதும் லேசில்லை. கலவர பயம் உள்ள ஊரில் தெருவில் கேமராவைத் தூக்கினால் போலீஸுக்கும் சந்தேகம், கூட்டத்துக்கும் சந்தேகம். இயக்குநர் தாமஸ் பிரிக்ஹில் ஒரு டிவி சமையல் போட்டிக்காகப் போட்ட செட்டையே பயன்படுத்தினார், நல்ல யோசனை. ஆனால் நாலு சுவருக்குள்ளும் தொல்லை குறையாது. சமையல் காட்சிகளுக்குக் கணக்கு எழுதிய அனுபவம் எனக்கு உண்டு. சட்டியிலிருந்து ஆவி எழும் ஷாட்டுக்கு லைட் வைத்து, ஃபோகஸ் பார்த்து, நடிகை கரண்டியைத் தூக்கும் நேரம் கரண்ட் போனால், அது திரும்பி வருவதற்குள் குழம்பின் மேல் ஏடு படிந்துவிடும், நறுக்கின கீரை வதங்கிவிடும், முந்தின ஷாட்டோடு ஒட்டாது. மறுபடி நறுக்கி, மறுபடி அடுப்பேற்றி, அந்தக் காய்க்கு மறுபடி காசு. அதற்குள் நடிகர்கள் களைத்துப்போவார்கள். அழுகைக் காட்சிக்குக் களைப்பு கைகொடுக்கும், சிரிக்க வைக்கிற காட்சிக்குக் கொடுக்காது.

இதையெல்லாம் தாண்டி வந்த படத்தை '8,000 டாலர் அதிசயம்' என்று நீங்கள் எழுத, அடுத்த தயாரிப்பாளர் அதையே எடுத்துக்காட்டி, 'அவர்கள் எடுக்கவில்லையா' என்று லைட்மேனின் பேட்டாவில்தான் முதலில் கை வைப்பார். நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் ஒரு வேண்டுகோள். சின்னப் படங்களைப் பற்றி எழுதும்போது பட்ஜெட் தொகைக்குப் பக்கத்திலேயே, எத்தனை பேர் சம்பளத்தைப் பாக்கி வைத்து வேலை செய்தார்கள், படம் விற்ற பிறகு அது அவர்கள் கைக்கு வந்து சேர்ந்ததா என்றும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்