மாப்பிள்ளை ஆசைப்பட்ட ஜென்சன்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கரையும் ஓரங்கட்டிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. தங்கச்சி சொல்பேச்சு கேட்டு, கொஞ்ச நாள் மாடிப்படி பக்கம் போகாதே. இங்கே வழக்கம்போல மழைதான். சரோஜா பேரனைப் பார்க்க லண்டன் போயிருக்கிறாள். பர்மிங்ஹாம் வீட்டில் நான் ரசமும் அப்பளமுமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். லெஸ்டரில் இருக்கும் உன் மாப்பிள்ளை விளம்பரத்தில் பார்த்து மயங்கிய காரை நேரில் பார்த்துவிட்டேன். ஜென்சன் எஃப்எஃப். நெடுந்தூரம் சொகுசாகவும் வேகமாகவும் போகிற பழைய பிரிட்டிஷ் கிராண்ட் டூரர் கார்களில் ஆஸ்டன் மார்ட்டினை எல்லோருக்கும் தெரியும், ஜாகுவாரைக் குழந்தைக்கும் தெரியும். இதைத் தேடிப் பிடித்திருக்கிறார் என்றால் மாப்பிள்ளைக்கு ரசனை உண்டு.

ஜென்சன் கம்பெனி இங்கே பக்கத்திலேயே, வெஸ்ட் பிராம்விச்சில் இருந்தது. ரிச்சர்ட், ஆலன் என்ற அண்ணன் தம்பி ஆரம்பித்தது. ஆஸ்டின் ஹீலி ஸ்போர்ட்ஸ் காருக்கு பாடி கட்டிக் கொடுத்தவர்கள். 1966 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் ஷோவில் இன்டர்செப்டர், எஃப்எஃப் இரண்டையும் ஒன்றாக இறக்கினார்கள். வடிவம் மிலானில் இருந்த டூரிங் நிறுவனத்துடையது. இன்ஜின் அமெரிக்கா, கிறைஸ்லரின் 6.3 லிட்டர் வி8. பின்னால் அந்த வளைந்த பெரிய கண்ணாடி இருக்கிறதே, அது அப்படியே மேலே திறக்கும், உள்ளே பெட்டி படுக்கை எல்லாம் வைக்கலாம். தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டு காரும் ஒன்றுதான். கிட்டே போய் முன்சக்கரத்துக்குப் பின்னால் பார்க்க வேண்டும். காற்றுப் போக வெட்டிய துளை ஒன்று இருந்தால் இன்டர்செப்டர், இரண்டு இருந்தால் எஃப்எஃப். முன்கண்ணாடிக்கு முன்னால் ஏறக்குறைய நாலு அங்குலம் நீளமும் கூடுதல்.

அந்த நாலு அங்குலத்துக்குக் காரணம்தான் உனக்குப் பிடிக்கும். எஃப்எஃப் என்றால் ஃபெர்குசன் ஃபார்முலா. நீயும் நானும் செம்பியத்தில் டிராக்டர் கட்டிய காலத்தில் பானெட்டில் இருந்த அதே ஃபெர்குசன்! ஹாரி ஃபெர்குசன் டிராக்டர் தொழிலை மாஸி கம்பெனிக்குக் கொடுத்த பிறகு, ரோட்டில் ஓடும் காருக்கும் நாலு சக்கரத்துக்கும் பவர் போக வேண்டும் என்று பிடிவாதமாக ஆராய்ச்சி நடத்தினார். அவர் 1960இல் இறந்துபோனார். மறு வருஷமே அவருடைய ஆட்கள் கட்டிய பி99 ரேஸ் காரில் ஸ்டர்லிங் மாஸ் ஓல்டன் பார்க் கோல்ட் கப்பை ஜெயித்தார். நாலு சக்கர டிரைவில் ஓடி ஜெயித்த ஃபார்முலா ஒன் கார் அது ஒன்றுதான். மனுஷன் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

அந்த அமைப்பைத்தான் ஜென்சன் வாங்கி மாட்டியது. முன்னால் 37 சதவீதம், பின்னால் 63 சதவீதம் என்று பவர் பிரியும். நாலு சக்கர டிரைவுக்குப் பேர்போன ஆடி குவாட்ரோ கார் வர இன்னும் 14 வருஷம் இருக்கும்போது இது. அதோடு டன்லப்பின் மேக்ஸரெட் பிரேக். விமானம் ஈர ரன்வேயில் வழுக்காமல் நிற்பதற்காகக் கண்டுபிடித்தது. சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டால் உள்ளே சுற்றும் சின்ன ஃப்ளைவீல் மட்டும் நிற்காமல் ஓடும். அந்த வித்தியாசத்தை வைத்தே பிரேக் அழுத்தத்தை விட்டு விட்டுக் குறைக்கும். கம்ப்யூட்டரும் கிடையாது ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக இல்லை, நாலுக்கும் சேர்த்து ஒன்று.

இவ்வளவு செய்தும் 1971 வரைக்கும் விற்றது வெறும் 320 கார். விலை இன்டர்செப்டரைவிட ரொம்ப அதிகம். அதைவிடப் பெரிய இடி, இந்த அமைப்பை இடது பக்க ஸ்டியரிங்குக்கு மாற்ற முடியவில்லை. அமெரிக்கா, ஐரோப்பா இரண்டும் கைவிட்டுப் போச்சு. கம்பெனியே 1976இல் மூடியாகிவிட்டது.

இப்போது இந்தக் கார். ஷோரூமில் கயிறு கட்டி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பானெட் மேல் இரண்டு கோப்பை, ரோஜாப்பூ மாதிரி மடித்த ரிப்பன். பழைய கார்களை நிறுத்தி வைத்து மார்க் போடும் கிளப் போட்டியில் முதல் பரிசாம். பெயின்ட்டில் என் வழுக்கைத் தலை தெளிவாகத் தெரிந்தது. லெதர் சீட்டில் ஒரு சுருக்கம் இல்லை. விலையைக் கேட்டேன், “விருப்பம் இருந்தால் பேசலாம்” என்றார்கள். அப்படிச் சொன்னாலே என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

லிப்ட்டில் ஏற்றிக் காட்டச் சொன்னேன். முகம் சுளித்துக்கொண்டே ஏற்றினார்கள். இந்தக் கார்களுக்குத் துரு ஜென்ம சத்ரு. கதவுக்குக் கீழே ஓடும் பட்டையும், பின்சக்கர வளைவும்தான் முதலில் போகும். காந்தம் வைத்துப் பார்த்தேன், எல்லா இடத்திலும் நன்றாகப் பிடித்தது. வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. அப்புறம் டார்ச் அடித்து மேக்ஸரெட்டைப் பார்த்தேன். யூனிட் இருக்கிறது, பளபளவென்று துடைத்தும் இருக்கிறது. ஆனால் அதற்குப் போக வேண்டிய ஒயர், கிளிப்பில் அழகாக மடித்துக் கட்டப்பட்டு, எங்கேயும் சேராமல் நிற்கிறது! “இது வேலை செய்யுமா?” என்று கேட்டேன். விற்பவருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. பரிசு வாங்கிய ஃபைலை எடுத்துக் காட்டினார். கடைசியாக எப்போது நூறு மைல் ஓடியது என்று கேட்டதற்கும் அதே ஃபைல்தான் வந்தது.

நடுவர்களைக் குற்றம் சொல்லவில்லை. அவர்கள் பார்ப்பது நிற்கிற காரை. ஒயர் மடித்திருந்த அழகுக்கும் ஒரு மார்க் போட்டிருப்பார்கள். ஆனால் எஃப்எஃப் என்று அதிகப்படியாகக் காசு கொடுப்பதே அடியில் இருக்கிற அந்த இரண்டு சாமானுக்குத்தான். முன்னுக்கும் பின்னுக்கும் பவரைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் பாக்ஸும் மேக்ஸரெட்டும் சரியில்லை என்றால், இன்டர்செப்டருக்கு இரண்டு துளை வெட்டியது போலத்தான். அதற்குப் பார்ட்ஸ் கிடைப்பதும் குதிரைக்கொம்பு.

மாப்பிள்ளையிடம் இப்படிச் சொல். ஒயரை மாட்டி, ஈர ரோட்டில் நானே ஓட்டி, பிரேக் போடும்போது பெடல் காலை உதைக்கிறதா என்று பார்த்த பிறகு பேசலாம். விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதான். நல்ல இன்டர்செப்டர் ஒன்று, கோப்பை கீப்பை இல்லாதது, வருஷா வருஷம் ஓடிக்கொண்டிருப்பது கிடைத்தால் எனக்கு அதுவே மேல். நாற்பது வருஷம் தாண்டிய கார் என்பதால் ரோடு வரியும் இல்லை, வருடாந்திர சோதனையும் கட்டாயம் இல்லை. பெட்ரோல்தான் குடிக்கும். அதுவும் எத்தனால் குறைவான விலை கூடிய பெட்ரோலாகப் பார்த்துப் போட வேண்டும். டாக்டர் சம்பளத்தில் தாங்குவார்.

ஷோரூமில் கறாராகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிட்டால் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போகிறேன், லெஸ்டரில் இருந்து ஒரு மணி நேரம்தானே. போட்டோக்களைப் பேத்தி வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கி அந்த ஒயரைப் பார்த்துவிட்டு உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது.

அன்புடன்,
ராமநாதன்