ஏடிஎச்டி பரிசோதனை: கூடலூர், பந்தலூர் பிள்ளைகளுக்காக ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்ட ஆட்சியர், மாவட்ட மனநலத் திட்ட அலுவலர்கள், பள்ளிக்கல்வித் துறை அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பந்தலூர் வட்டத்தில் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சில காலமாக ஒரு புது வேலை என்னைத் தேடி வருகிறது. பெற்றோர் யாராவது வாட்ஸ்அப்பில் ஒரு படிவத்தை அனுப்பி, "டீச்சர், இதை நீங்கதான் நிரப்பித் தரணுமாம்" என்கிறார்கள். பிள்ளைக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த குறைபாடு) இருக்கிறதா என்று ஆன்லைனிலேயே பார்த்துச் சொல்லும் தனியார் நிறுவனம் கேட்கும் படிவம் அது. அதற்குள் பணம் கட்டியிருப்பார்கள், வீடியோ அழைப்புக்கு நாளும் குறித்திருப்பார்கள். அந்தப் பெற்றோரில் ஒருவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களை அந்தப் பக்கம் தள்ளியது எது என்று உங்களிடம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஏடிஎச்டி ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ தெரிவதில்லை. கவனம் நிலைக்காமை, ஓயாத துறுதுறுப்பு, யோசிக்காமல் பாய்வது ஆகியவை 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது பிள்ளையின் அன்றாடத்தைப் பாதித்திருக்க வேண்டும். அதோடு வேறு காரணம் ஏதாவது உண்டா என்றும் பார்த்தாக வேண்டும். காது சரியாகக் கேட்கிறதா, கண் தெரிகிறதா, ரத்தசோகையா, இரவில் தூங்குகிறானா, சில நொடிகள் மட்டும் நினைவு தப்பிப் போகும் வலிப்பா, வீட்டில் குடியும் அடியுமா? தோட்டத் தொழிலாளர் வரிசையாக வாழும் எங்கள் லைன் வீடுகளில் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் எந்தப் பிள்ளையைப் பற்றியும் முடிவுக்கு வர முடியாது. இதற்கெல்லாம் பொறுமையும் நேரமும் வேண்டும். வெளிநோயாளிகள் வரிசையில் நூறு பேர் நிற்கும்போது எந்த மருத்துவருக்கும் அந்த நேரம் கிடைக்காது. "அடுத்த மாதம் வாங்க" என்றுதான் சொல்வார்கள்.

அந்த "அடுத்த மாதம்" எங்கள் பகுதியில் என்ன விலை என்பதைப் பாருங்கள். கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர்தான். மலைப்பாதையில் பேருந்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சேரம்பாடியிலிருந்தோ அய்யன்கொல்லியிலிருந்தோ வருகிறவர்கள் முதலில் கூடலூர் வந்து சேர வேண்டும். கோவைக்குப் போகச் சொன்னால் ஊட்டியிலிருந்து இன்னும் 85 கிலோமீட்டர். அம்மாவுக்கு அன்றைய கூலி போச்சு. பிள்ளை வழியெல்லாம் வாந்தி எடுக்கும். திரும்பி வரும்போது இருட்டிவிட்டால் எஸ்டேட் ரோட்டில் யானை நிற்குமே என்ற பயம். ஜூன், ஜூலை மழையில் தேவாலா பக்கம் மரம் விழுந்தால் பயணமே கிடையாது. அதனால்தான் பலர் எல்லை தாண்டி சுல்தான் பத்தேரிக்குப் போகிறார்கள். இப்போது அதைவிடச் சுலபமாகக் கைபேசியில் ஒரு விளம்பரம் வருகிறது: வீட்டிலிருந்தே பரிசோதனை, சில நாளில் அறிக்கை. யாருக்குத்தான் ஆசை வராது?

அப்படி நடந்த ஒரு பரிசோதனையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பையனுக்கு ஒன்பது வயது. அப்பா திருப்பூரில் வேலை. அம்மா கொழுந்து எடுத்துவிட்டு, ஈரம் காயாத பிளாஸ்டிக் படுதாவை இடுப்பில் கட்டியபடியே பள்ளிக்கு வந்தார். படிவம் இரண்டு: ஒன்று ஆசிரியருக்கு, ஒன்று பெற்றோருக்கு. இரண்டும் ஆங்கிலம். பெற்றோர் படிவத்தையும் நானே தமிழில் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. "தன் முறை வரும்வரை காத்திருக்கச் சிரமப்படுகிறானா? ஒருபோதும் இல்லை, சில நேரம், அடிக்கடி, மிக அடிக்கடி." அந்த அம்மா ஒவ்வொரு கேள்விக்கும் என் முகத்தைப் பார்த்தார். "நீங்க என்ன நினைக்கிறீங்க டீச்சர்?" என்றார். வீட்டில் ஒரு கண், பள்ளியில் ஒரு கண் என்று இரண்டு தனித்தனிச் சாட்சிகள் வேண்டும் என்றுதான் இரண்டு படிவம் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு இரண்டிலும் பேசியது ஒரே கண்தான். படிவத்தை வாங்கியவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

வீடியோ அழைப்பு அடுத்த வாரம். லைன் வீட்டுக்குள் சிக்னல் இல்லாததால் கோயில் மேட்டுப் படியில் உட்கார்ந்து பேசினார்கள். இணைப்பு நடுநடுவே அறுந்தது. வகுப்பில் ஐந்து நிமிடம் உட்காராத பையன் அந்தத் திரையை இமைக்காமல் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தான். கைபேசி முன்னால் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் இருக்கும். அவன் வகுப்பில் நடப்பதை, தோட்டத்தில் ஓடுவதை, அக்காவின் புத்தகத்தைக் கிழிப்பதை அந்த மருத்துவர் பார்க்கவில்லை. காதைச் சோதிக்க ஆள் இல்லை. பல பக்க ஆங்கில அறிக்கை வந்தது: ஏடிஎச்டி இருக்கிறது, மருந்து தொடங்கலாம், அருகிலுள்ள மனநல மருத்துவரை அணுகவும்.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. ஏடிஎச்டிக்கு முதன்மையாகத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் மருந்துச் சட்ட விதிகளில் கடும் கட்டுப்பாட்டு மருந்துகளுக்கான 'எக்ஸ்' அட்டவணையில் இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப் பட்டியலிலும் இருக்கிறது. 2020 மார்ச் மாதம் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் இவ்வகை மருந்துகளை ஆன்லைன் ஆலோசனையில் எழுதித் தரக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. மருந்துச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும், அதை விற்கவே தனி உரிமம் வேண்டும். அட்டமாக்ஸெட்டின் போன்ற வேறு மருந்துகளுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் எது தேவை என்பதைப் பிள்ளையை நேரில் எடைபோட்டு, ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மெத்தில்ஃபெனிடேட்டை ஆன்லைனில் எழுதக் கூடாது என்ற தடை தேவையானது. அதைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை. சில ஆயிரம் ரூபாய் செலவழித்த பிறகும் அந்த அம்மா அதே அரசு மருத்துவமனை வரிசைக்குத்தான் வந்து நின்றார் என்பதைச் சொல்கிறேன். அங்கே அறிக்கையைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "இதெல்லாம் செல்லாது, முதல்லேருந்து பார்க்கணும்" என்றார்கள்.

இது நமக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் ஏடிஎச்டி பரிசோதனைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நோயாளி தானே இடத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையின்படி, குடும்ப மருத்துவர் பரிந்துரைத்தால் தனியார் ஆன்லைன் பரிசோதனைக்கும் அரசே பணம் கட்டுகிறது. 2023 மே மாதம் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி ஒன்றைக் காட்டியது: மூன்று தனியார் மருத்துவ மையங்கள் ஆன்லைனில் பார்த்து ஏடிஎச்டி என்று சொன்ன அதே செய்தியாளரை, என்எச்எஸ் மருத்துவர் நேரில் நெடுநேரம் பார்த்து இல்லை என்றார். ஒரே ஒருவரை வைத்து, அதுவும் உண்மையில் உதவி தேடி வராதவரை வைத்து, எல்லா ஆன்லைன் பரிசோதனையையும் எடைபோடலாமா என்று அந்த நிகழ்ச்சியின் மீதும் கேள்வி எழுந்தது. அது நியாயமான கேள்விதான். வீடியோவில் நல்ல பரிசோதனை நடக்க முடியும் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் பிள்ளையின் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். அங்கே பணமாவது அரசுப் பணம். இங்கே அது கொழுந்து கிள்ளிச் சேர்த்த பணம்.

நான் கேட்பது புதிய சலுகையும் அல்ல. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில், பள்ளியில் கண்டறிய வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் ஏடிஎச்டி பெயர் சொல்லியே இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, குழந்தைகளுக்கான மனநலச் சேவை அரசின் கடமை என்கிறது. குறைந்தபட்சச் சேவைகள் மாவட்டத்தில் இல்லையென்றால், மாவட்டத்தில் வேறிடத்தில் பெறும் சிகிச்சையின் செலவை அரசு ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது.

ஊட்டியில் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கிருந்து கூடலூர் அரசு மருத்துவமனைக்கு வீடியோ இணைப்பு தருவது பெரிய காரியமில்லை. மாதம் ஒரு நாளைக் குழந்தைகளுக்கென்றே ஒதுக்கி நிபுணர் ஒருவர் கூடலூருக்கு நேரில் வரட்டும். அன்று உடல் பரிசோதனை, காது, கண், தேவையானால் மருந்துச் சீட்டு. மற்ற வாரங்களில் பெற்றோரும் பிள்ளையும் கூடலூர் மருத்துவமனையின் ஓர் அறையிலிருந்து, வட்டார வளமையச் சிறப்பாசிரியர் பக்கத்தில் இருக்க, நிபுணரோடு வீடியோவில் பேசட்டும். படிவம் தமிழில் இருக்கட்டும். அதைப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டுவது வகுப்பாசிரியராக இருக்கக் கூடாது. பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடிப் பிள்ளைகளின் வீட்டுமொழி தமிழல்ல. அவர்களுக்கு அந்த மொழி பேசும் ஒருவர் வேண்டும். மெத்தில்ஃபெனிடேட் கூடலூர் மருத்துவமனை மருந்தகத்திலேயே கிடைக்க வேண்டும். மாதாமாதம் ஊட்டிக்கு ஓட வைத்தால் மூன்றாவது மாதமே மருந்து நின்றுவிடும். ஏற்கெனவே தனியார் அறிக்கை வைத்திருப்பவர்களை விரட்டாதீர்கள். அதில் உள்ள தகவலை எடுத்துக்கொண்டு விடுபட்டதை மட்டும் பாருங்கள்.

என் பெரிய கவலை பெண் பிள்ளைகள். மேசை மீது ஏறும் பையனுக்கு யாராவது படிவம் அனுப்பிவிடுவார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பாதி வாக்கியத்தில் நின்றுபோய், தினமும் பென்சிலைத் தொலைத்து, "மந்தம்" என்று பேர் வாங்கிக்கொண்டு எட்டாம் வகுப்பு வரை வந்துவிடும் பெண்ணுக்காக யாரும் பணம் கட்டுவதில்லை. துறுதுறுப்பு இல்லாமல் கவனச்சிதறல் மட்டுமே உள்ள ஏடிஎச்டி பெண் பிள்ளைகளிடம்தான் அதிகம் தவறவிடப்படுகிறது. காசு கொடுத்தவரைத் தேடி வரும் பரிசோதனை இவளை ஒருநாளும் தேடி வராது. பள்ளிக்கே வரும் அரசுக் குழுவால் மட்டுமே இவளைக் கண்டுபிடிக்க முடியும்.

இந்த ஏற்பாடு வரும்வரை ஆன்லைனை நாடும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பணம் கட்டும் முன், மருத்துவரின் கவுன்சில் பதிவு எண்ணையும், உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண்ணையும் கேளுங்கள். பிள்ளையை நேரில் பார்க்கப் போவது யார், மருந்து எழுதப் போவது யார் என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் பணம் கட்டாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். பரிசோதனை அங்கே நடக்காது, ஆனால் அடுத்து எங்கே போவது என்று கேட்கலாம்.

பள்ளி மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை எங்களிடம் வருகிறது. பல், தோல், கண் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இந்த முறை அவர்களிடம் தர, பெற்றோர் சம்மதத்தோடு பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் வகுப்பில் நான் கண்டதைத் தேதியோடு குறித்திருக்கிறேன். அந்தப் பட்டியலை வாங்கிக்கொள்ளும்படி குழுவுக்கு எழுத்தில் உத்தரவிடுங்கள். கூடலூரில் எந்தத் தேதியில், எந்த அறையில், யார் இந்தப் பிள்ளைகளைப் பார்ப்பார் என்பதைக் காலாண்டுத் தேர்வுக்கு முன் எங்கள் பள்ளிகளுக்குத் தெரிவியுங்கள். அழைத்து வரும் பொறுப்பை ஆசிரியர்கள் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை, பந்தலூர் வட்டம்